தரங்கம்பாடியின் தாவரச் சகோதரர்கள்

பழவேற்காட்டைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் டச்சுக் கல்லறைகளிலிருந்து தொடங்குவார்கள். நாம் முழங்கால் உயரம்கூட வளராத ஒரு செடியிலிருந்து தொடங்கலாம். இம்பூரல் என்றும் சாயவேர் என்றும் அதற்குப் பெயர். சிறிய வெண்ணிறப் பூக்களும் ஊசி போன்ற இலைகளும் கொண்டது. கடலோர மணலில் தானாக முளைப்பது. நடந்து செல்பவர் கண்ணில் படாத இச்செடியின் வேரிலிருந்துதான் சோழமண்டலக் கடற்கரைத் துணிகளின் புகழ்பெற்ற சிவப்பு நிறம் வந்தது. 1613-இல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டியதற்கு முதற்காரணம் துணி வணிகம். அந்தத் துணியின் நினைவு இன்று எங்கோ மெக்சிகோவில் கழுத்துக்குட்டையைக் குறிக்கும் 'பாலியகாதே' என்னும் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது பழவேற்காட்டின் பெயர்தான்.

கோட்டை இடிந்துவிட்டது. செயற்கைச் சாயங்கள் வந்தபின் சாயவேர் வணிகமும் மறைந்தது. சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் புறநகர் ரயில் மீஞ்சூரைக் கடந்து அனுப்பம்பட்டில் நின்று பொன்னேரிக்குப் போகும்போது, சன்னலுக்கு வெளியே தெரியும் வெளிகளில் சீமைக் கருவேலமே மிகுதி. ஆனால் சாயவேரைப் பற்றிய அறிவு முற்றிலும் அழிந்துவிடவில்லை. வில்லியம் ராக்ஸ்பரோவின் 'சோழமண்டலக் கடற்கரைத் தாவரங்கள்' நூலின் முதல் தொகுதியில், 1795-ஆம் ஆண்டிலேயே, அச்செடியின் படமும் பயன்பாட்டுக் குறிப்பும் அச்சேறிவிட்டன. ஒரு கடற்கரையின் எளிய செடி இலண்டனில் அச்சாகும் அளவுக்கு எப்படிப் பயணம் செய்தது? இக்கேள்விக்கு விடை தேடினால் நாம் பழவேற்காட்டிலிருந்து தெற்கே, டேனிஷ்காரர்கள் ஆண்ட தரங்கம்பாடிக்குப் போக வேண்டியிருக்கிறது.

1768-இல் யோஹான் கெர்ஹார்ட் கோனிக் என்னும் மருத்துவர் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். லின்னேயஸிடம் நேரடியாகப் பயின்றவர். தாவரத்துக்கு இரண்டு சொற்களில் பெயரிடும் முறையை லின்னேயஸ் 1753-இல்தான் நிலைநாட்டியிருந்தார். அந்த முறையைக் கையில் ஏந்திக்கொண்டு தமிழகத்துக்கு வந்த முதல் மாணவர்களுள் ஒருவர் கோனிக் எனலாம். நம் வீட்டுத் தாளிப்பில் நாள்தோறும் விழும் கறிவேப்பிலைக்கு 1771-இல் லின்னேயஸ் வைத்த அறிவியற் பெயரில் கோனிக்கின் பெயர் இருக்கிறது. பிற்காலத் தாவரவியலாளர்கள் அதை முர்ராயா என்னும் பேரினத்துக்கு மாற்றினார்கள், இப்போது மீண்டும் பழைய பெர்கெராவுக்கே கொண்டுவந்திருக்கிறார்கள். பெயரின் முற்பகுதி இவ்வாறு அலைந்தாலும் 'கோனிகி' என்னும் பிற்பகுதி அசையவில்லை.

கோனிக்கின் ஆர்வம் அவரோடு நிற்கவில்லை. அவரைச் சூழ்ந்து தரங்கம்பாடியில் ஒரு வட்டம் உருவாயிற்று. கல்கத்தா தாவரவியல் பூங்காவின் தலைவராகப் பல்லாண்டு பணியாற்றிய ஜார்ஜ் கிங், 1899-இல் இந்தியத் தாவரவியலின் தொடக்க வரலாற்றைப் பற்றி உரையாற்றியபோது இவ்வட்டத்தைக் குறிப்பிடுகிறார். 'ஒன்றுபட்ட சகோதரர்கள்' என்று தங்களை அழைத்துக்கொண்ட இவர்களின் முதல் நோக்கம் தாவர ஆய்வை வளர்ப்பது. மறைப்பணியாளர் யோஹான் பீட்டர் ரோட்லர், மருத்துவர் க்ளைன், பெஞ்சமின் ஹெய்ன் ஆகியோர் தரங்கம்பாடியைச் சார்ந்தவர்கள். மெல்ல மெல்ல வட்டம் விரிந்தது. சென்னையில் ஜேம்ஸ் ஆண்டர்சன், அவருடைய உறவினர் பெர்ரி, வடக்கே சாமல்கோட்டையிலும் பிறகு கல்கத்தாவிலும் ராக்ஸ்பரோ, கல்கத்தாவில் சர் வில்லியம் ஜோன்ஸ் என்று பலர் அதில் சேர்ந்தார்கள்.

இவர்களுக்குள் பொதுவாக என்ன இருந்தது? மதப்பிரிவு ஒன்றல்ல, ஆண்ட அரசும் ஒன்றல்ல. டேனிஷ் கொடியின் கீழும் ஆங்கிலக் கம்பெனியின் கீழும் ஊதியம் பெற்றவர்கள். அவர்களை இணைத்தது ஒரு நடைமுறைதான்: கிடைத்த செடியை ஒன்றுக்கு மேற்பட்ட படிகளாக உலர்த்து; ஒன்றை வைத்துக்கொள்; மற்றதை அனுப்பு.

இந்த எளிய விதியின் பயனைப் புரிந்துகொள்ள, அன்றைய தாவர சேகரிப்பின் இயல்பைச் சற்றே பார்க்க வேண்டும். பூவும் இலையும், கூடுமானால் காயும் சேர்ந்த ஒரு கிளையைத் தாள்களுக்கு நடுவே அழுத்தி உலர்த்துவார்கள். தாள் ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு அதைத் தாளில் ஒட்டி, கிடைத்த இடம், நாள், எடுத்தவர் பெயர் ஆகியவற்றை எழுதிவைப்பார்கள். ஹெர்பேரியம் எனப்படும் உலர்தாவரத் தொகுப்பு இதுதான். நம் கடற்கரையின் ஈரக்காற்றில் பூஞ்சையும் பூச்சியும் அதை எளிதில் தின்றுவிடும். உயிருள்ள செடிகளைக் கொண்ட தோட்டமோ இன்னும் நிலையற்றது. ஒரு கோடையில் நீர் இறைக்க ஆள் இல்லாமற்போனால் அது முடிந்தது. ஒருவரே தனியாகச் சேர்த்த தொகுப்பு அவருடைய ஆயுளைத் தாண்டுவது அரிது.

அடுத்த சிக்கல் பெயர். கையிலிருக்கும் செடி ஏற்கெனவே யாராலும் விவரிக்கப்பட்டதா, புதியதா என்று அறிய ஒப்பிடுவதற்கு நூல் வேண்டும், மாதிரிகள் வேண்டும். தரங்கம்பாடியில் இருந்த ஒருவரிடம் அவை எல்லாம் இருக்க வழியில்லை. தொடக்கத்தில் சகோதரர்கள் தங்களுக்குள் மாதிரிகளைப் பரிமாறிக்கொண்டதோடு சரி. பிறகு பெயரிடத் தொடங்கினார்கள். பின்னர் ஐரோப்பாவின் பெரிய தாவரவியலாளர்களுக்கு அனுப்பினார்கள். சுவீடனில் ரெட்சியஸ், டென்மார்க்கில் வால், பெர்லினில் வில்டெனோ, இங்கிலாந்தில் ஸ்மித் என்று அவற்றைப் பெற்றவர்கள் விவரித்துப் பெயரிட்டார்கள். சகோதரர்களுள் ரோட்லர் ஒருவரே தாம் கண்ட புதிய செடிகளைத் தாமே ஐரோப்பாவில் வெளியிட்டவர் என்கிறார் கிங். தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பிய 1799–1800 பயணத்தில் அவர் எழுதிய தாவரக் குறிப்புகள் 1803-இல் பெர்லினில் அச்சாயின. நம் வாசகர்கள் பலருக்கு ரோட்லரைத் தமிழ்-ஆங்கில அகராதிக்காரராகத் தெரிந்திருக்கும். அவர் இவரே.

ஒரு கூட்டமைப்பின் பயனை அதன் நல்ல நாட்களைக் கொண்டு அளக்க முடியாது. அதற்கு வந்த இழப்புகளைக் கொண்டுதான் அளக்க வேண்டும். தரங்கம்பாடி வட்டத்துக்கு அப்படிப்பட்ட சோதனைகள் மூன்றைச் சொல்லலாம்.

முதலாவது கோனிக்கின் மரணம். ஆற்காட்டு நவாபிடமும் பின்பு ஆங்கிலக் கம்பெனியிடமும் பணிபுரிந்து, மலாக்கா, சயாம் வரை சுற்றிவந்த அவர் 1785-இல் காக்கிநாடாவை அடுத்த ஜகந்நாதபுரத்தில் இறந்தார். தம் கையெழுத்துப் படிகளை இலண்டனில் ஜோசப் பாங்க்ஸுக்கு விட்டுச்சென்றார். அவருடைய மாதிரிகளும் விவரிப்புகளும் முன்னரே பல கைகளுக்குப் போயிருந்தன. ரெட்சியஸின் நூலில் சில அவர் உயிரோடிருக்கும்போதே அச்சேறியிருந்தன. அவர் இறந்தபின் வட்டமும் கலையவில்லை. ஹெய்ன் இந்தியாவுக்கு வந்து சேர்ந்ததே 1790-களில்தான். தாம் கண்டிராத ஒருவர் தொடங்கிவைத்த சகோதரத்துவத்தில் அவர் உறுப்பினரானார்.

இரண்டாவது, ஆண்டர்சனின் தோட்டம். சென்னையில் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், கொச்சினீல் என்னும் சாயப்பூச்சியை வளர்ப்பதற்காகச் சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் ஒன்றை ஏற்படுத்தினார். 'நோபல்ரி' என்பது அதற்குப் பெயர். மெக்சிகோவின் சிவப்புச் சாயத்தை நம் கடற்கரையில் விளைவிக்கலாம் என்ற கனவு அது. சாயவேரின் நாட்டில் வேறொரு சிவப்பைத் தேடியது காலத்தின் வேடிக்கைதான். கனவு பலிக்கவில்லை, 1800-ஐ ஒட்டித் தோட்டம் மூடப்பட்டது. ஆனால் அங்கிருந்த செடிகள் பெங்களூர் லால்பாகுக்கு அனுப்பப்பட்டன. அனுப்புவதற்கு இன்னொரு தோட்டமும், அதைப் பார்த்துக்கொள்ள ஹெய்ன் போன்ற அறிந்த ஆளும் இருந்ததால்தான் இது கைகூடியது. ஒரு தோட்டத்தின் முடிவு அதிலிருந்த செடிகளின் முடிவாக ஆகவில்லை.

மூன்றாவது சோதனை சகோதரர்கள் எவரும் எண்ணிப்பார்த்திருக்க முடியாதது. 1943 மார்ச் தொடக்கத்தில் ஓரிரவு பெர்லின் நகரின்மேல் குண்டுகள் விழுந்தன. தாலெம் தாவரவியல் அருங்காட்சியகத்தின் உலர்தாவரத் தொகுப்பு எரிந்தது. உலகின் மிகப் பெரிய தொகுப்புகளுள் ஒன்று ஒரே இரவில் பெரும்பகுதி சாம்பலாயிற்று. ஆனால் ரோட்லரும் க்ளைனும் அனுப்பிய தமிழகச் செடிகளைக் கொண்ட வில்டெனோவின் தொகுப்பு வேறிடத்தில் பாதுகாப்பாக வைக்கப்பட்டிருந்ததால் தப்பியது. அதுவும் எரிந்திருந்தால்? அப்போதும் எல்லாம் போயிருக்காது. ரோட்லர் தம்மிடம் வைத்துக்கொண்ட படிகள் அவர் 1836-இல் சென்னையில் இறந்தபின் இலண்டன் கிங்ஸ் கல்லூரிக்குச் சென்று, பின்னர் கியூ தோட்டத்தை அடைந்திருந்தன. எரிந்துபோன பிற மாதிரிகளுக்கு ஈடு தேடிய தாவரவியலாளர்கள் முதலில் செய்த வேலை, அதே சேகரிப்பின் இரட்டைப் படி உலகில் வேறெங்கே கிடக்கிறது என்று பார்த்ததுதான். யாரோ ஒருவர் தரங்கம்பாடிக் கொல்லையில் ஒரு கிளைக்குப் பதில் மூன்று கிளைகளை ஒடித்ததன் பலன் நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு தெரியவந்தது.

இந்த நடைமுறை பின்னர் பெரிய அளவில் விரிந்தது. கல்கத்தா பூங்காவின் தலைவரும் டேனிஷ் மருத்துவருமான நதானியேல் வாலிக், கம்பெனியின் தாவரத் தொகுப்புகளை 1828-இல் இலண்டனுக்குக் கொண்டுசென்று, அடுத்த சில ஆண்டுகளில் அவற்றின் படிகளைப் பல நாடுகளின் நிறுவனங்களுக்கும் அறிஞர்களுக்கும் பங்கிட்டார். ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட எண்களைக் கொண்ட அவருடைய பட்டியலில் ஹெய்ன், க்ளைன், ரோட்லர், ராபர்ட் வைட் ஆகியோர் சேர்த்த செடிகளும் உண்டு. இன்று ஜெனீவாவில் ஒருவர் ஓர் எண்ணைச் சொன்னால் கல்கத்தாவில் இருப்பவர் அதே எண்ணுள்ள தாளை எடுத்துப் பார்க்கலாம். ஒரே செடியைப் பற்றித்தான் பேசுகிறோம் என்ற உறுதி இருவருக்கும் கிடைக்கிறது.

இதுவரை சொன்னது ஒரு பக்கம். மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் வரலாறு முழுமையாகாது.

சகோதரர்களின் பெயர்ப்பட்டியலில் தமிழ்ப் பெயர் ஒன்றுகூட இல்லை. காட்டிலும் கழியிலும் செடியைக் காட்டிக்கொடுத்தவர் யார், இன்ன வேர் இன்ன நோய்க்கு என்று சொன்ன மருத்துவர் யார், சாயவேரை எந்தப் பருவத்தில் தோண்டவேண்டும் என்று அறிந்திருந்த பெண்கள் யார் என்பதற்குப் பதிவு இல்லை. ராக்ஸ்பரோவுக்காக ஆயிரக்கணக்கான படங்களை வரைந்த இந்திய ஓவியர்கள் பெயரற்றவர்களாகவே நிற்கிறார்கள். இது காலத்தின் இயல்பு என்று தள்ளிவிட முடியாது. ஏனெனில் அவர்களுக்கு நூறாண்டுக்கு முன்பே, 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்துஸ் மலபாரிகுஸ்' நூலில், செடிகளை அறிவித்த இட்டி அச்சுதன் என்னும் மலையாள வைத்தியரின் சான்றுரை அவருடைய எழுத்திலேயே அச்சிடப்பட்டிருந்தது. முன்மாதிரி இருந்தது; சகோதரர்கள் அதைப் பின்பற்றவில்லை. பிற்காலத்தில் ராபர்ட் வைட் ஓரளவு ஈடுசெய்தார். 1840 முதல் 1853 வரை அவர் வெளியிட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாவரப் படங்களை வரைந்த ரங்கையா, கோவிந்து ஆகியோரின் பெயர்களை அவர் மறைக்கவில்லை. ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். பின்வந்தோர் அதை வேறொரு பேரினத்தில் சேர்த்துவிட்டதால் அப்பெயர் இன்று வழக்கில் இல்லை.

உறுப்பினர் என்னும் நிலையின் இருமுகத்தைப் பழவேற்காட்டு மீனவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அவர்களிடம் 'பாடு' என்னும் முறை தலைமுறைகளாக இருந்துவருகிறது. ஏரியில் இறால் மிகுந்த இடங்களில் யார், என்று வலைகட்டலாம் என்பதை உறுப்பினர்களான தலைக்கட்டுகள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். உறுப்பினருக்கு உரிமை உண்டு, அதோடு கட்டுப்பாடும் உண்டு. வளம் ஒரே கையில் சிக்காமல், சண்டை மூளாமல் காப்பது அம்முறையின் நன்மை. ஆனால் தலைக்கட்டு அல்லாதவர் கரையில் நிற்க வேண்டியதுதான். அதன் வழக்குகளும் மனக்கசப்புகளும் அங்கே உண்டு. கூட்டு என்று ஒன்று இருந்தால் அதற்கு எல்லை என்று ஒன்றும் இருக்கும். எல்லையை எங்கே போடுகிறோம் என்பதில்தான் அதன் நியாயம் அடங்கியிருக்கிறது.

தரங்கம்பாடியில் தனிமனிதர்கள் செய்ததை இன்று நிறுவனங்கள் செய்கின்றன. தாவரவியல் பூங்காக்களின் பன்னாட்டுப் பாதுகாப்பு அமைப்பு 1987-இல், உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செயலகமாகத் தொடங்கியது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் தோட்டங்கள் அதில் தொடர்பு கொண்டுள்ளன. உறுப்பினர் தோட்டம் தன்னிடமுள்ள செடிகளின் பட்டியலை அனுப்புகிறது. பொதுத்தரவில் ஒரு செடியின் பெயரைத் தட்டினால் அது உலகில் எத்தனை தோட்டங்களில் வளர்கிறது என்று தெரியும். எந்தத் தோட்டம் என்பதைப் பொதுவில் காட்டுவதில்லை. அரிய செடிகளைக் களவாடுவோர் இருக்கிறார்கள். ஒரு சிறிய ஊரின் கல்லூரித் தோட்டம்கூடத் தன்னிடமிருக்கும் செடி உலகில் வேறு இரண்டு இடங்களில் மட்டுமே உள்ளது என்று அறியவரலாம். அறிந்த அன்றிலிருந்து அச்செடிக்கு நீர் ஊற்றுவதன் பொருளே மாறிவிடும்.

இத்தகைய ஒப்பீடு எவ்வளவு அவசியம் என்பதற்கு ஈஸ்டர் தீவின் தோரோமிரோ மரம் சான்று. அத்தீவின் கடைசி மரம் 1960-ஐ ஒட்டி அழிந்தது. ஆனால் 1950-களின் நடுவில் தோர் ஹெயர்தாலின் குழுவினர் எடுத்துச்சென்ற விதைகள் ஐரோப்பாவில் முளைத்திருந்தன. பல தோட்டங்கள் தத்தம் மரத்தைத் தனித்தனியே போற்றிவந்தன. அவை ஒன்றுகூடிக் கணக்கிட்டபோதுதான், இருப்பவற்றுள் பெரும்பாலானவை ஒரே மரத்தின் வழி வந்தவை என்பது தெரிந்தது. தனியே இருந்தவரை ஒவ்வொரு தோட்டமும் தன்னிடம் ஓர் இனம் பிழைத்திருப்பதாக நினைத்திருக்கும். சேர்ந்தபிறகே அந்தப் பிழைப்பு எவ்வளவு மெலிந்தது என்பது புரிந்தது. எந்தக் கன்றை எங்கே அனுப்புவது, எதோடு எதைச் சேர்ப்பது என்று திட்டமிடவும் அதன்பிறகே முடிந்தது.

தமிழகத்திலும் இதற்கான அடித்தளம் உண்டு. 1853-இல் சென்னையில் கிளெக்ஹார்ன் தொடங்கிய தொகுப்பு பின்னர் கோயம்புத்தூருக்கு மாறி, சென்னை ஹெர்பேரியம் என்ற பழைய பெயரோடு இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வு நிறுவனத்தில் இருக்கிறது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-இல் பாதிரியார் கே. எம். மேத்யூ நிறுவிய ராபினாட் ஹெர்பேரியம், ஒரு கல்லூரியின் சேகரிப்பு எவ்வளவு தூரம் போகலாம் என்பதைக் காட்டியது. ரோட்லரின் 1799–1800 பயணக் குறிப்புகளை எடுத்து ஆராய்ந்தவரும் மேத்யூதான். இவை தவிர நம் கல்லூரிகளின் தாவரவியல் துறைகளில், ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் அலமாரிகளில், சித்த மருத்துவர்களின் மூலிகைத் தோட்டங்களில் எத்தனையோ சிறு சேகரிப்புகள் உள்ளன. அவற்றுள் பல எந்தப் பட்டியலிலும் இல்லாதவை. ஆசிரியர் போனால் அலமாரியும் போய்விடும்.

கோனிக்கின் காலத்தைவிட நமக்கு ஒரு வசதி கூடுதலாக உண்டு. 1992-இன் பல்லுயிர்ச் சாசனமும், அதைத் தொடர்ந்த இந்தியாவின் 2002-ஆம் ஆண்டுச் சட்டமும், ஓர் ஊரின் செடியைப் பயன்படுத்துபவர் அவ்வூருக்குக் கடன்பட்டவர் என்ற கொள்கையை ஏற்றுக்கொண்டுள்ளன. ஊராட்சிதோறும் மக்களின் பல்லுயிர்ப் பதிவேடு எழுதப்பட வேண்டும் என்பதும் அந்த ஏற்பாட்டின் பகுதி. பெரும்பாலும் அது ஒரு படிவமாக நிரப்பப்பட்டு முடிந்துவிடுகிறது என்பது வேறு செய்தி. ஆனால் சகோதரர்கள் விட்ட குறையை நிரப்பும் இடம் அதுவே. ஏரிக்கரையின் உமிரியையும் கண்டலையும் சாயவேரையும் பற்றி அறிந்த மீனவப் பெண்ணின் சொல், அவர் பெயரோடும் அவர் இசைவோடும் அந்தப் பதிவேட்டில் ஏற வேண்டும். பதிவேட்டின் செடி ஒரு கல்லூரித் தொகுப்பில் உலர் மாதிரியாக இருக்க வேண்டும். அதன் விதை வேறொரு தோட்டத்தில் முளைத்திருக்க வேண்டும். மூன்றும் ஒன்றையொன்று சுட்டும் எண்களோடு இருந்தால், ஒன்று அழிந்தாலும் மற்ற இரண்டைக் கொண்டு அதை மீட்கலாம்.

தரங்கம்பாடிச் சகோதரர்கள் நமக்கு விட்டுச்சென்றதில் இரண்டை எடுத்துக்கொள்ளலாம். ஒன்றுக்கு மேல் படி எடுத்து அனுப்பும் பழக்கம் பின்பற்றத்தக்கது. அனுப்பும் உறையில் செடியைக் காட்டியவரின் பெயரை எழுதாமல் விட்டது திருத்தத்தக்கது. சாயவேர் இன்னும் மணலில் முளைக்கிறது. அதை அறிந்தவர்களும் இன்னும் இருக்கிறார்கள்.